தபால்பெட்டி பார்த்த பூமி

அக்டோபர் பிறந்தால் இங்கே
கோதுமை முளைத்ததா என்று யாரும் கேட்பதில்லை.
"வந்துடுச்சா?" என்பார்கள்.
எது என்று சொல்வதில்லை.

வானம் பார்த்த பூமிதான் இதுவும்.
வானம் கைவிட்ட வருஷங்களில்
தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.
இப்போது பணம் நேராக வங்கிக்கே போகிறது,
இருந்தும் பதினோரு மணிக்குத்
தபால் வண்டிச் சத்தம் கேட்டால்
டிராக்டர்கள் கொஞ்சம் மெதுவாகின்றன.

விண்டன் கவுண்டி விவசாய அலுவலகத்தில்
பத்தொன்பது வருஷமாக எனக்கு மூன்றாவது மேஜை.
கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில்
மஞ்சள் சீட்டு ஒட்டுவேன்.
யாருக்கு எத்தனை ஏக்கர்,
எந்த ஏக்கர் மனைவி பெயரில்,
எது பிறந்து எட்டு மாதமான பேரன் பெயரில்,
எல்லாம் தெரியும்.

லிபோர் ஸ்ட்ராக்காவின் நூற்றறுபது ஏக்கரில்
பத்து வருஷம் எதுவும் விதைக்கக் கூடாதென்று ஒப்பந்தம்.
புல் இடுப்பளவு நிற்கிறது.
மஞ்சள் மார்புக் குருவிகள் திரும்பி வந்திருக்கின்றன.
தினமும் காலையில் வண்டியை ஓரமாக நிறுத்தி
அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர் போல.
விதைக்காமல் இருக்க அவருக்குக் கூலி.
பேசாமல் இருக்க எனக்கு.

இந்தக் கோடையில் வாரப் பத்திரிகை பட்டியலைப் போட்டது.
பத்து வருஷக் கூட்டுத்தொகை, பெயரோடு,
இரண்டு முழுப் பக்கம்,
நடுவில் கன்றுக்குட்டி ஏல விளம்பரம்.
காபிக் கடையில் எல்லோரும்
வானிலைப் பக்கத்தைப் படித்தார்கள்.
பட்டியலை அவரவர் தனியே,
என்ஜின் அணைத்த பிக்கப்பில், கொட்டகையில், கழிப்பறையில்.

முதலிடம் ஒரு கம்பெனிக்கு.
முகவரி டென்வர், முப்பத்தோராம் மாடி.
அதன் மேல் யாருக்கும் கோபமில்லை.
கோபமெல்லாம்
வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரன்
நாலாயிரம் கூட வாங்கியதில்தான்.
என் வீட்டுக்காரர் இரண்டாம் பக்கத்தின் அடியில்
எழுத்துப்பிழையோடு ஒட்டிக்கொண்டிருந்தார்.
ஆயிரத்து நூற்று நாற்பது டாலர்.
"நமக்கு இவ்வளவுதானா?" என்று
சாப்பாட்டு மேஜையில் என்னை முறைத்தார்,
நான் அளந்து போட்டது போல.

மூன்றாமிடம் வெர்லின் டோஸ்டல்.
ஒன்பது லட்சத்து எழுபதாயிரம்.

போன குளிர்காலம், மளிகைக் கடை வரிசையில்
ரொவீனா பெக் உணவு உதவி அட்டையை நீட்டினாள்.
இரண்டு பிள்ளைகள், ஒரு தர்பூசணி.
"அரசாங்கக் காசில் தர்பூசணி வேற" என்றார் வெர்லின்,
கூரைக்குச் சொல்வது போல.
அவருக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.
தொகை என் நாக்கு நுனி வரை வந்தது.
கையில் பால் பாட்டில் வியர்த்துக்கொண்டிருந்தது.

ரொவீனாவுக்கு இப்போது அதே கடையில் கல்லாவில் வேலை.
பட்டியல் வந்த வாரம்
வெர்லின் காபித்தூளும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார்.
வரிசை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.
நானும்தான். ஆசையோடுதான்.
அவள் எடை போட்டாள்.
"பை வேணுமா?" என்று கேட்டாள்.
வேண்டாம் என்று
வாழைப்பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

பத்திரிகையில் வராத தாள் ஒன்று
என் இழுப்பறையில் இருக்கிறது.
வரப்போகும் தொகை முழுவதையும்,
ஒரு டாலர் மீதியில்லாமல்,
வங்கிக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார் வெர்லின்.
ஏழு வருஷமாக இப்படித்தான்.
அந்த ஒன்பது லட்சத்தில் பெரும்பகுதி
அவர் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை.
இதைச் சொன்னால் ஊர் வாய் அடங்கும்.
அவர் சொல்லவில்லை.
கடன்காரன் என்பதற்கு
கொள்ளைக்காரன் என்பது தேவலை போலும்.

நேற்று வந்தார்.
தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.
நகக்கண்ணில் கிரீஸ்.
"ரொவீனாவோட சின்னவனுக்குத்
தர்பூசணி பிடிக்குமாமே" என்றார் திடீரென்று.
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
"எங்கே போடணும்?" என்றார் பிறகு.
மஞ்சள் சீட்டைக் காட்டினேன்.
நாலு இடம்.
மூன்றாவதில் பேனா எழுதவில்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.